எட்டு எம்எம் காய்

பொறாமைப்படுவதற்கு எதிராளி கொஞ்சம் கெட்டவளாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம். பானுப்பிரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுஜாதா நல்லவளாக இருந்து தொலைத்தாள். வீட்டில் பணியாரம் சுட்டால் பாதியைத் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவருவாள். பானுவுக்குக் காய்ச்சல் என்றால் பானுவின் மகளுக்கும் சேர்த்துத் தலைபின்னிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிடுவாள். இப்படிப்பட்டவள்மேல் வயிறெரிவது பாவம் என்று பானுவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு சொன்னபடி கேட்கிறதா?

இருவரும் சிலமலை கிராமத்தில் ஒரே தெரு. போடிநாயக்கனூரில் ஒரே ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை. பானு அங்கே ஒன்பது வருடம், சுஜாதா ஆறு வருடம். அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்ததே பானுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பானு பல தடவை தனக்குள்ளேயே சொல்லியிருக்கிறாள்.

காலையில் ஒரு மினி பஸ். பானு ஒரு நிமிடம் பிந்தினால் அது போய்விடும், பின்னால் ஓடினாலும் நிற்காது. சுஜாதா ஈரத்தலையைக் கையால் கோதிக்கொண்டு தெருமுனையில் திரும்புவாள், டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு அந்தப் பிள்ளை வந்துரட்டும் என்பார். ஒரே சந்தையில் ஒரே நாளில் ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்று வாங்கினார்கள். சுஜாதா வீட்டில் அது கூரை ஓட்டைத் தொட்டுவிட்டது. பானு வீட்டில் பட்டுப்போனது. சுஜாதாவின் புருஷன் பால்ராஜ் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். சாயங்காலம் இறங்கிவந்தால் பெண்டாட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். பானுவின் புருஷன் சின்ராசுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான், வந்தால் தூங்குவான்.

இதையெல்லாம்கூடப் பானு பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது, அது மடி உதறுவது.

ஸ்டோரில் நாள் முழுக்கக் கோணிச்சாக்கின்மேல் உட்கார்ந்து, சொளகைத் தொடையில் வைத்துக் காய் பிரிப்பார்கள். பெரிய காய் எட்டு எம்எம், அடுத்தது ஏழு, அதற்கும் சிறியது ஆறு. வெடித்தது தனி, வெளிறியது தனி. பானுவுக்குச் சல்லடையே வேண்டாம், கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் சூப்பர்வைசர் அழகுமலை ஸ்டூலைப் போட்டு உட்காருவார். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவர் முன்னால் போய், இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்று, சேலை மடியை இரண்டு கையாலும் பிடித்து மூன்று தடவை உதற வேண்டும். அப்புறம் கொசுவம். அப்புறம் இடுப்புச் சொருகல். கடைசியில் உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்ட வேண்டும். காயை ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

உதறினால் ஒன்றிரண்டு காய் விழத்தான் செய்யும். நாள் முழுக்கக் காய்க்குள்ளேயே கிடக்கிற சேலை, கொசுவ மடிப்பில் தானாகப் போய்த் தங்கிக்கொள்ளும். அது திருட்டு இல்லை என்று போடியில் காய் பொறுக்கிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு காய்க்கும் இரண்டு காய்க்கும் அழகுமலை தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனாலும் பானுவுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் உடம்பு கூசும். தபாலில் பிகாம் படித்து முடித்தவள் ஓர் ஆம்பளை முன்னால் நின்று சேலையை உதறிக் காட்டுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உதறுவாள். பக்கத்தில் சுஜாதா நிற்பாள், படபடவென்று உதறுவாள், அண்ணே இன்னைக்கு எம் பங்கு மூணு காய், ஏலத்துல சேத்துக்கிடுங்க என்பாள். அழகுமலை சிரிப்பார், வரிசையே சிரிக்கும். நமக்குச் சாவாக இருப்பது இவளுக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று அப்போதுதான் பானுவுக்கு நெஞ்சு காந்தும்.

முந்தல் ரோட்டில் கொச்சிக்காரக் கம்பெனி ஒன்று புதிதாக ஏலக்காய் ஏற்றுமதிக் கூடம் கட்டி, தரம் பார்க்கும் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேட்டது. ஒரே ஓர் இடம். டிகிரி வேண்டும், காய் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலி, மேஜை, பிஎஃப், காலையில் வீட்டு வாசலுக்கே வேன். அந்த விளம்பரத்தைப் போனில் கொண்டுவந்து காட்டியது யார் என்கிறீர்கள்? சுஜாதாதான். அவளும் தபாலில் ஒரு டிகிரி வாங்கி வைத்திருந்தாள், பானு வாங்கியதற்கு அடுத்த வருடம். ரெண்டு பேரும் போடுவோம்க்கா, யாருக்குக் கெடச்சாலும் நல்லதுதானே என்றாள். கிடைக்கும் என்று நிச்சயம் இருக்கிறவள்தான் அப்படிப் பேசுவாள் என்று பானு நினைத்துக்கொண்டாள். அன்று முதல் அவளுக்கு ஒரே வேண்டுதல். இனிமேல் எவன் முன்னாலும் மடி உதறக் கூடாது, நாற்காலியில் உட்கார வேண்டும். சுஜாதா உட்காரக் கூடாது என்பதும் அந்த வேண்டுதலுக்குள்ளேயே இருந்தது.

வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, வீட்டுக்கு மருமகள் எடுக்கிறார்களா என்று தெரியாத அளவுக்கு அந்தக் கம்பெனி சுற்று வைத்தது. முதலில் போனில் ஒரு ஃபாரம். அதற்குப் போட்டோ ஏற்ற வேண்டும் என்று பானு ஏழு தடவை எடுத்துப் பார்த்தாள், ஏழிலும் கடன்காரிபோல முறைத்துக்கொண்டிருந்தாள். சுஜாதா ஒன்று எடுத்தாள், நன்றாக வந்துவிட்டது. பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களிடம் உள்ள குறை என்ன என்று கேட்டாள். ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றுகொண்டு பானு, கோபம் கொஞ்சம் வரும் என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. சுஜாதா என்ன சொன்னாள் என்று விசாரித்தால், தூக்கம்தான் மேடம் என்றாளாம், அந்தப் பெண் சிரித்தாளாம். பானு சுஜாதாவின் போனை வாங்கி எதையோ பார்ப்பதுபோல அந்த அழைப்பு எவ்வளவு நேரம் என்று பார்த்தாள். இருபது நிமிடம். தன்னுடையது பதினொன்று.

அடுத்தது கம்ப்யூட்டர் பரீட்சை, போடியில் ஒரு சென்டரில். முப்பத்திரண்டு பேர் எழுதி ஒன்பது பேர் தேறினார்கள். ஒன்பது பேருக்கும் வீடியோவில் ஒரு பேட்டி வைத்து இரண்டு பேரை மிச்சம் வைத்தார்கள். அந்த இரண்டு பேர் யார் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. செய்தி வந்தபோது சுஜாதா தெருவில் வைத்தே பானுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பானுவும் சிரித்தாள். எட்டு மாசப் பிள்ளைத்தாச்சி வலியை மறைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அது.

கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். சுஜாதா இருவருக்கும் சேர்த்துப் பூக் கட்டிக்கொண்டுவந்தாள். பால்ராஜ் மலைக்குப் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்றான். சுஜாதா முன்சீட்டில் உட்கார்ந்தாள், பானு பின்னால் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால்தான் இடம் இருந்தது, யாருடைய தப்பும் இல்லை. இருந்தும் முந்தல் ரோட்டு வரைக்கும் அவள் சுஜாதாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சேலைக்கும் ரவிக்கைக்கும் அப்படி ஒரு பொருத்தம், பாழாய்ப்போனவளுக்கு எதைக் கட்டினாலும் எடுத்துக்கொடுக்கிறது.

கம்பெனி வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும் பூவை எடுத்துவிடச் சொல்லி, தலைக்கு ஒரு வலைத்தொப்பி கொடுத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு மேடம், கொச்சியிலிருந்து ஒரு சார். மேடத்துக்கு ஆட்கள் தெரியும், காய் தெரியாது. சாருக்குக் காய் தெரியும், ஆனால் கப்பலில் ஏறுகிற மூட்டையாகத்தான் தெரியும், சொளகில் கிடக்கிற காயாகத் தெரியாது. முதலில் தனித்தனியாகக் கேள்வி கேட்டார்கள். உங்கள் இருவரில் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று மேடம் பானுவைக் கேட்டார். எனக்கு ஒன்பது வருட அனுபவம் என்றாள். இன்னும் ஏதாவது என்றார். அவளைவிட மூன்று வருடம் அதிகம் என்றாள். மேடம் எழுதிக்கொண்டார். வெளியே வந்து உட்கார்ந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

சுஜாதா வெளியே வந்ததும் என்ன கேட்டாங்க என்று பானு விசாரித்தாள். அதே கேள்விதானாம். நீ என்ன சொன்ன? பானுக்காதான் எனக்குக் காய் சொல்லிக்குடுத்தாங்க, அவங்கள எடுத்தாலும் எனக்குச் சந்தோசம்தான்னு சொன்னேன்க்கா என்றாள். நல்லவள் வேஷம் போட்டுத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று பானு நினைத்தாள். வேஷமாக இருக்காதோ என்றும் ஒரு நினைப்பு கூடவே வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியாகக் கை வேலை. நீளமான ஸ்டீல் மேஜையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு தட்டு நிறையக் கலப்புக் காயைக் கொட்டினார்கள். அரை மணி நேரத்தில் தரம் பிரிக்க வேண்டும். பானுவின் கை தானாக ஓடியது. பத்து நிமிடத்துக்கு அவள் சுஜாதாவை மறந்தே போனாள், அந்த நாளிலேயே நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சுஜாதாவும் சரியாக அப்போதுதான் முடித்திருந்தாள். சார் இருவர் குவியல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரெண்டும் ஒருபோலெ உண்டு என்று மலையாளத்தில் மேடத்திடம் முணுமுணுத்தார். மேடம் இருவரையும் பார்த்து, நன்றி, நீங்கள் போகலாம், தகவல் சொல்கிறோம் என்றார்.

பானு எழுந்தாள். இரண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். சேலை மடியை இரண்டு கையாலும் பிடித்து மூன்று தடவை உதறினாள். கொசுவத்தை உதறினாள். இடுப்புச் சொருகலைத் தட்டினாள். உள்ளங்கை இரண்டையும் விரித்து மேடத்துக்கு நேராக நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஒன்பது வருடம் உடம்பில் ஊறிய வேலை, அதைச் செய்ய அவளுடைய உத்தரவு தேவைப்படவில்லை. எதிலிருந்து தப்பிப்பதற்காக இத்தனை சுற்று ஏறி வந்தாளோ அதையே கம்பெனிக்காரர்கள் நடுவில் நின்று, யாரும் கேட்காமலே செய்து காட்டியிருக்கிறாள்.

இது என்ன என்று மேடம் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பானு திரும்பிப் பார்த்தாள். சுஜாதா உதறாமல் நேராக நின்றுகொண்டிருந்தாள், உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று பானுவுக்குத் தோன்றியது. அது சிரிப்பா, அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற தவிப்பா என்று பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை. அவமானப்படுவது என்று ஆகிவிட்டால் ஒருத்தி மட்டும் ஏன் பட வேண்டும்?

"எங்க ஸ்டோர்ல இதான் மேடம் ரூலு," என்றாள். "காயத் தொட்டவங்க யாரா இருந்தாலும் மடிய உதறிக் காட்டிட்டுத்தான் வெளிய போகணும். இவளையும் உதறச் சொல்லுங்க."

சார் வேண்டாம் என்று கையை அசைத்தார். மேடத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது, பார்க்கலாமே என்றார். சுஜாதா பானுவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று உதறினாள். மூன்றாவது உதறலில் அவள் கொசுவத்திலிருந்து ஒரு காய் விழுந்து, பளிங்குத் தரையில் தெறித்து உருண்டுபோய் மேடத்தின் செருப்போரம் நின்றது.

மேடத்தின் முகம் மாறியது. இது நம் காயா என்றார். சுஜாதா பதறாமல்தான் சொன்னாள், கொசுவத்தில் தானாகத் தங்கும் மேடம், எல்லாருக்கும் விழும் என்றாள். ஆனால் மாட்டிக்கொண்டவள் சொல்லும்போது அது சாக்குபோலத்தான் கேட்டது. அவளுக்கே அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

"பானுக்காவக் கேளுங்க மேடம்," என்றாள்.

மேடம் பானு பக்கம் திரும்பினார். ஆமாம் மேடம், தங்கும் என்றால் போதும். மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையும் பானுவின் நாக்கு நுனியில் வந்து நின்றன. மினி பஸ் வந்து நின்றது, கறிவேப்பிலை வந்து நின்றது, இருபது நிமிடமும் பதினொரு நிமிடமும் வந்து நின்றன. ஆறு வருடமாக எல்லாம் அவளுக்கு விழுந்தது, இன்றைக்கு ஒரு காயும் விழுந்திருக்கிறது, விழட்டுமே. பானு குனிந்தாள். காயை எடுத்தாள். மேஜைக்குப் போய்ப் பெரிய காய்க் குவியலில் அதைச் சேர்த்து வைத்தாள்.

"எட்டு எம்எம் மேடம்," என்றாள்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சார் அந்தக் காயை எடுத்துச் சல்லடையில் போட்டுப் பார்த்தார், எட்டுதான். கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டாளே என்று புருவத்தைத் தூக்கினார். மேடம் நோட்டில் எதையோ நீளமாக எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் சேர்த்துச் சுஜாதாவே டிக்கெட் எடுத்தாள். இந்த நேரத்தில்கூட இவளால் நல்லவளாக இருக்க முடிகிறதே என்று பானுவுக்கு அப்போதும் ஆற்றாமையாக வந்தது. தான் செய்த காரியம் எப்படிப்பட்டது என்பது பஸ் சிலமலையில் நின்ற பிறகுதான் அவளுக்குள் இறங்கியது. அதற்குள் சுஜாதா இறங்கி நடந்துவிட்டாள்.

பத்து நாளில் வேலை உத்தரவு வந்தது. பானுப்பிரியா என்று பெயர் போட்டு, சூப்பர்வைசர் என்று போட்டு. சின்ராசு அந்த வாரம் மலையிலிருந்து வந்து கடிதத்தை மூன்று தடவை வாசித்தான், தூங்காமல் தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொன்னான். ஐந்தாவது வீடு சுஜாதா வீடு, அங்கே போக வேண்டாம் என்று பானு தடுத்துவிட்டாள். கடிதத்தின் இரண்டாவது பக்கத்தை அவன் வாசிக்கவில்லை, பானு வாசித்தாள். தாங்கள் நேர்முகத் தேர்வில் தெரிவித்த சோதனை முறையை எங்கள் கூடத்திலும் நடைமுறைப்படுத்த முடிவு செய்திருக்கிறோம், அதன் பொறுப்பு தங்களுடையது என்று எழுதியிருந்தது.

அந்தக் கம்பெனி ஆளை எடுக்கும் முன்னால் பழைய இடத்தில் விசாரிக்கிற கம்பெனி. கடிதம் அனுப்புவதற்கு முன்பே மேடம் அழகுமலையைப் போனில் கூப்பிட்டு இருவரைப் பற்றியும் கேட்டிருக்கிறார். சுஜாதாமேல் காய் விஷயமாக ஏதாவது புகார் உண்டா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றுதான் அழகுமலை சொன்னார். ஆனால் கேள்வி ஸ்டோருக்குள் வந்துவிட்டது, முதலாளி காதுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு சுஜாதா உதறும்போது மட்டும் அழகுமலை தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு காய் விழுந்தாலும் குனிந்து எடுத்தார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சுஜாதாவும் ஏலத்துல சேத்துக்கிடுங்க என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் போனாள், பிறகு நின்றுவிட்டாள்.

இதெல்லாம் பானுவுக்குத் தெருவில் காதில் விழுந்தவை. போய்ப் பேசலாமா என்று நினைப்பாள். பேசினால் முதலில் எதைச் சொல்வது என்று யோசிப்பாள், யோசனையிலேயே வேன் வந்துவிடும். காலையில் வேன் அவள் வீட்டு வாசலில்தான் நின்றது, அவள் வரும்வரை காத்திருந்தது. தனக்காக ஒரு வண்டி காத்திருக்க வேண்டும் என்றுதானே ஆறு வருடம் ஏங்கினாள். ஏறி உட்கார்ந்தால் ஏக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அறுவடை தொடங்கி மலையிலிருந்து லோடு வர ஆரம்பித்ததும் கம்பெனி பன்னிரண்டு பெண்களைக் காய் பொறுக்க எடுத்தது. பட்டியலில் பதினோராவது பெயர் சுஜாதா. பானு திடுக்கிட்டு மேடத்துக்குப் போன் பண்ணினாள். மேடம் சாதாரணமாகச் சொன்னார், வேலை நன்றாகத் தெரிந்த பெண், அதுவும் இல்லாமல் இப்போதுதான் சோதனை இருக்கிறதே, பயமில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் பானுவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு நோட்டு. காய் விழுந்தால் பெயர், தேதி, எத்தனை காய், என்ன தரம் என்று எழுத வேண்டும். மூன்று தடவை பெயர் வந்தால் வேலை போகும். நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு கேமரா, சென்னையில் மேடம் போனைத் திறந்தால் இங்கே நடப்பது தெரியும். கேமரா மாட்டிய ஆள் போகும்போது, படம் மட்டும்தான் தெரியும், பேச்சு கேட்காது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

முதல் நாள் சாயங்காலம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். பானு நாற்காலியில் உட்கார்ந்து உதறுங்க என்றாள். குரல் அழகுமலையின் குரல்போலவே இருந்தது. ஒவ்வொருத்தியாக இரண்டு எட்டுப் பின்னால் போய் உதறினார்கள். பத்துப் பேரிடமும் ஒன்றும் விழவில்லை. புது வேலை, போகும் முன்பே பாத்ரூமில் நாலு தடவை உதறிவிட்டு வந்திருப்பார்கள்.

பதினோராவதாக சுஜாதா வந்து நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். மடியைப் பிடித்துக்கொண்டு உதறாமல் நின்றாள்.

"சொல்லுக்கா," என்றாள். "சொன்னாத்தான் உதறணும்."

பானு கையை மட்டும் அசைத்தாள். சுஜாதா உதறினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கொசுவத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. உருளவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது. நாற்காலியில் இருந்தபடியே பானுவுக்கு அதன் அளவு தெரிந்தது. எட்டு.

பன்னிரண்டாவது பெண்ணும் ஏற்கனவே உதறி முடித்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பானு எழுந்துவிட்டாள். பல மாதமாக நாக்கு நுனியில் கிடந்தது இப்போது கேட்காமலே வெளியே வந்தது, கேமரா இருக்கிற பக்கமாக முகத்தைத் தூக்கிச் சத்தமாகவே சொன்னாள்.

"அது கொசுவத்துல தானாத் தங்குற காய்தான். எல்லாருக்கும் விழும். இவ எடுக்கல."

சுஜாதா குனிந்து காயை எடுத்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பணியாரத்தை வைப்பதுபோல அதைப் பானுவின் நோட்டின்மேல் வைத்தாள். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு மேடத்துக்குக் காது இருந்துச்சுக்கா," என்றாள். "இதுக்கு இல்ல."

பேர எழுதிக்கோ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கேமராவின் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சென்னையில் பார்ப்பவர்களுக்கு, ஒருத்தியின் சேலையிலிருந்து காய் விழுந்ததும் சூப்பர்வைசர் எழுந்து நின்று சத்தம் போட்டதும் தெரிந்திருக்கும். நல்ல கண்டிப்பான சூப்பர்வைசர் என்று நினைத்திருப்பார்கள்.

ரோட்டில் மினி பஸ் ஹாரன் அடித்தது. பெண்கள் ஓடி ஏறினார்கள். சுஜாதா மட்டும் ஓடாமல் நடந்து போனாள், அவள் ஏறும்வரை பஸ் நின்றது. பானு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று அதையும் பார்த்தாள், வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் வழக்கம்போல எழுந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று அவளுக்கே கேவலமாக இருந்தது.

பஸ் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து முதல் வரியில் சுஜாதா என்று எழுதினாள். தேதி போட்டாள், ஒரு காய் என்று போட்டாள். தரம் என்ற இடத்தில் எட்டு எம்எம் என்று எழுதினாள்.